மணிலாவின் பேய்க்கதைகள் உலகச் சந்தைக்குப் போன வழி

1950களின் தொடக்கத்தில் பிலிப்பைன்ஸில் ‘ஹக்’ என்று அழைக்கப்பட்ட விவசாயக் கிளர்ச்சியாளர்களை அடக்குவதற்கு அந்நாட்டு இராணுவத்துக்கு ஆலோசனை வழங்கியவர்களுள் ஒருவர் எட்வேர்ட் லான்ஸ்டேல் என்ற அமெரிக்க அதிகாரி. கிளர்ச்சியாளர்களை ஒரு குன்றிலிருந்து அகற்ற முடியாமல் இராணுவம் திணறியபோது நடந்ததை அவர் பின்னர் தனது நினைவுக் குறிப்புகளில் எழுதினார். அந்தக் குன்றில் ஓர் ‘அஸ்வாங்’ உலவுகிறது என்ற வதந்தியை இராணுவத்தின் உளவியல் போர்ப் பிரிவு முதலில் ஊருக்குள் பரப்பியது. அஸ்வாங் என்பது இரவில் மனித இரத்தம் குடிக்கும் பேய். பிறகு ஒருநாள் இரவு, வரிசையாக நடந்துசென்ற கிளர்ச்சியாளர் குழுவின் கடைசி ஆளைச் சத்தமின்றிப் பிடித்தார்கள். கழுத்தில் இரண்டு துளைகளிட்டு, தலைகீழாகத் தொங்கவிட்டு, இரத்தம் முழுவதையும் வடியவிட்டு, உடலை மீண்டும் அதே பாதையில் கொண்டுபோய்ப் போட்டார்கள். மறுநாள் அந்தக் குன்றைவிட்டுக் கிளர்ச்சியாளர்கள் வெளியேறிவிட்டார்கள் என்று லான்ஸ்டேல் எழுதுகிறார்.

2011ஆம் ஆண்டின் ‘கிறீஸ் பூதம்’ இரவுகளைக் கடந்து வந்தவர்களுக்கு, பயம் எப்படி ஓர் ஆயுதமாகிறது என்பதைத் தனியாக விளக்கத் தேவையில்லை.

பாட்டிமார் சொன்ன பேய்க்கதை ஒன்றை அரச படை எடுத்துப் பயன்படுத்திய நாடு அது. அதே அஸ்வாங், அதே காட்டுப் பூதங்கள், அதே கடற் தேவதைகளை இன்று பிலிப்பைன்ஸின் எழுத்தாளர்கள் திரும்ப எடுத்துக்கொண்டு தங்கள் கதைகளுக்குள் வைத்திருக்கிறார்கள். அந்தக் கதைகள் அமெரிக்க இதழ்களிலும் சிங்கப்பூர்த் தொகுப்புகளிலும் நெட்பிளிக்ஸிலும் வந்துவிட்டன. எப்படி வந்தன, யார் வழி திறந்தார்கள், அந்த வழியில் யாருக்கு இடமில்லை என்பதைப் பற்றியதே இக்கட்டுரை.

ஆங்கிலத்தில் ‘ஸ்பெகுலேட்டிவ் பிக்ஷன்’ என்ற ஒரே பெயரின் கீழ் அறிவியல் புனைவு, மாயக்கதை, பேய்க்கதை, ‘வரலாறு வேறுவிதமாக நடந்திருந்தால்’ என்ற வகைக் கதைகள் எல்லாவற்றையும் சேர்த்துவிடுகிறார்கள். தமிழில் ஊகப் புனைவு எனலாம்.

பிலிப்பைன்ஸில் இது புதிய சரக்கல்ல. அந்நாட்டின் தேசியக் கலைஞராக மதிக்கப்பட்ட நிக் ஹோக்கின் 1940களிலேயே கண்ணாடியில் பேயைக் காணும் கதைகளை எழுதியவர். வாராந்தப் படக்கதைப் புத்தகங்களில் பறக்கும் வீராங்கனைகளும் பாம்புப் பெண்களும் தலைமுறை தலைமுறையாக உலவினார்கள். ஆனால், பல்கலைக்கழக வகுப்பறைகளிலும் பரிசுக் குழுக்களிலும் யதார்த்தவாதம்தான் இலக்கியம் என்ற எண்ணம் வலுவாக இருந்தது. வறுமையும் அடக்குமுறையும் நிறைந்த நாட்டில் நாகதேவதை பற்றி எழுதுவது பொறுப்பற்ற வேலை என்று பார்க்கப்பட்டது. இந்த வாதம் எங்களுக்கும் பழக்கமானதுதான்.

இதில் ஒரு திருப்பம் 2003ஆம் ஆண்டு வந்தது. டீன் பிரான்சிஸ் அல்பார் என்ற மணிலா எழுத்தாளரின் கதை ஒன்று அமெரிக்காவிலிருந்து வெளிவரும் ‘ஸ்ட்ரேஞ்ச் ஹொரைசன்ஸ்’ என்ற இணைய இதழில் வெளியானது. நட்சத்திரங்களை மட்டுமே பார்த்துக்கொண்டிருக்கும் ஓர் இளைஞனின் கண்ணில் படுவதற்காக, தானே பறக்கக்கூடிய பட்டம் ஒன்றைச் செய்ய முடிவெடுக்கிறாள் ஒரு பெண். அதற்கான பொருட்களைத் தேடியே அவளுடைய ஆயுள் கழிகிறது. ஸ்பானிய ஆட்சிக்கால பிலிப்பைன்ஸின் சாயல் கொண்ட ஒரு கற்பனைத் தேசம்தான் களம். அந்தக் கதை பின்னர் அவ்வருடத்தின் சிறந்த மாயக்கதைகளைத் தொகுத்த அமெரிக்க நூலிலும் இடம்பெற்றது. மணிலாவில் இருந்துகொண்டே, முகவர் யாரும் இல்லாமல், மின்னஞ்சலில் அனுப்பிய கதையும் உலக வாசகரிடம் போகும் என்பது அப்போது பலருக்குத் தெரிந்தது.

இங்கே ஒரு விடயத்தைச் சொல்லியாக வேண்டும். அந்த ஸ்ட்ரேஞ்ச் ஹொரைசன்ஸ் இதழை 2000ஆம் ஆண்டு தொடங்கியவர் மேரி ஆன் மோகன்ராஜ். கொழும்பில் பிறந்து, சிறுவயதில் அமெரிக்கா சென்ற தமிழர். ஊகப் புனைவு எழுதுவோருக்குச் சிறு நிதியுதவிகளை வழங்கும் ஸ்பெகுலேட்டிவ் லிட்டரேச்சர் பவுண்டேஷன் என்ற அமைப்பை 2004இல் நிறுவியவரும் அவரே. இதழின் ஆசிரியர் குழுவினர் தொண்டர்களாக, சம்பளமின்றி வேலை செய்கிறார்கள். வாசகரின் நன்கொடையில் இதழ் ஓடுகிறது. ஆனால், கதை எழுதியவருக்கு மட்டும் பணம் உண்டு. எங்கள் சிறு சஞ்சிகை மரபில் இது தலைகீழ். இங்கே ஆசிரியரும் பட்டினி, எழுத்தாளரும் பட்டினி.

அல்பார் வெளிநாட்டு அங்கீகாரத்தோடு நின்றுவிடவில்லை. 2005இல் ‘பிலிப்பைன் ஸ்பெகுலேட்டிவ் பிக்ஷன்’ என்ற தொகுப்பின் முதல் தொகுதியைக் கெஸ்ட்ரல் என்ற சிறு நிறுவனத்தின் பெயரில் கொண்டுவந்தார். பொது அழைப்பு விடுத்தார். யாரும் அனுப்பலாம்; பெயர் தெரியாதவரும் பேராசிரியரும் ஒரே வரிசை. அது ஆண்டுத் தொகுப்பாகத் தொடர்ந்தது. பிற்பாடு அவரது மனைவி நிக்கி அல்பாரும், முந்தைய தொகுதிகளில் எழுதத் தொடங்கியவர்களும் தொகுப்பாசிரியர்களானார்கள். 2005 முதல் 2010 வரையான தொகுதிகளில் தெரிந்தெடுத்தவற்றைப் பிலிப்பைன்ஸ் பல்கலைக்கழகப் பதிப்பகமே 2013இல் நூலாக்கியது. எட்டு ஆண்டுகளில் வாசற்படிக்கு வெளியே நின்ற எழுத்து பல்கலைக்கழகத்தின் உள்ளே போய்விட்டது.

என் பார்வையில், இந்தக் கதையின் முக்கியமான இடம் இதுதான். வெளிநாட்டு இதழ் ஒருவருக்குப் பெயர் கொடுத்தது. ஒரு தலைமுறைக்குப் பயிற்சி கொடுத்தது உள்ளூர்த் தொகுப்பு. ஆண்டுதோறும் ஓர் அழைப்பு வரும் என்று தெரிந்தால் மனிதர்கள் அதற்காக எழுதுவார்கள். நிராகரிக்கப்பட்டால் அடுத்த ஆண்டும் அனுப்புவார்கள். கென்னத் யூ 2006இல் தொடங்கிய சிறு கதை இதழும், பிலிப்பைன் கிராபிக், பிலிப்பைன்ஸ் பிரீ பிரஸ் போன்ற வார இதழ்களின் சிறுகதைப் பக்கங்களும் இதற்குத் துணைநின்றன. 1950இல் நிறுவப்பட்ட பலாங்கா இலக்கியப் பரிசு சில ஆண்டுகள் ‘எதிர்காலப் புனைவு’ என்ற தனிப் பிரிவையே நடத்தியது. டுமாகெட்டி நகரின் சில்லிமன் பல்கலைக்கழகத்தில் 1962 முதல் நடந்துவரும் எழுத்தாளர் பட்டறை இன்னொரு பழைய பள்ளி.

படக்கதைக்காரர்கள் இதைவிட எளிய வழியில் போனார்கள். பட்ஜெட் டான், காஜோ பல்திசிமோ என்ற இருவர் விளம்பரத்துறையில் வேலை பார்த்துக்கொண்டே 2005இல் ‘ட்ரெசே’ என்ற படக்கதையைத் தொடங்கினார்கள். மணிலாவின் இருட்டு உலகில் பேய்களும் பூதங்களும் செய்யும் குற்றங்களை விசாரிக்கும் ஒரு பெண்ணின் கதை. முதல் இதழ்கள் போட்டோக்கொப்பி எடுத்துத் தைத்தவை. பிறகு விஸ்பிரிண்ட் என்ற உள்ளூர்ப் பதிப்பகம் அதை நூல்களாக்கியது. 2020இல் அமெரிக்கப் பதிப்பு வந்தது. 2021 ஜூனில் நெட்பிளிக்ஸ் தொடராக வந்தது. பதினாறு ஆண்டுகள். நடுவில் அந்த இருவரும் வேலையை விட்டுவிட்டு இதையே நம்பியிருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசிக்காமல் இருக்க முடியவில்லை. அவர்களை நூலாக்கிய விஸ்பிரிண்ட் 2021இலேயே மூடப்பட்டது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

இன்று ஒரு பிலிப்பைன்ஸ் எழுத்தாளர் வெளிநாட்டுக்குக் கதை அனுப்பும் நடைமுறை என்ன? முதலாவது விதி, அனுப்புவதற்குப் பணம் கேட்கும் இடத்துக்கு அனுப்புவதில்லை. பணம் எழுத்தாளரை நோக்கித்தான் வர வேண்டும். அமெரிக்க அறிவியல் புனைவு எழுத்தாளர் சங்கம் 2019 முதல் ஒரு சொல்லுக்கு 8 அமெரிக்கச் சதம் என்பதைத் தொழில்முறைக் கட்டணமாக வைத்திருக்கிறது. நாலாயிரம் சொற்களில் ஒரு கதை என்றால் 320 டொலர். உள்ளூரில் ஓர் இலக்கிய நூல் ஆயிரம் பிரதிகள் அளவில் அச்சாகி, ஆண்டுக்கணக்கில் விற்கும் நாட்டில் இது சிறிய தொகையல்ல.

இரண்டாவது, இதழ்கள் வாங்குவது கதையை அல்ல, அதை முதலில் வெளியிடும் உரிமையை. குறிப்பிட்ட மாதங்கள் கழிந்ததும் உரிமை எழுதியவரிடமே திரும்பும். அதே கதையை அவர் உள்ளூர்த் தொகுப்புக்குத் தரலாம், தன் நூலில் சேர்க்கலாம். இதைப் புரிந்துகொண்டவர்கள் ஒரே கதையை மூன்று இடங்களில் உயிரோடு வைத்திருக்கிறார்கள். புரியாதவர்கள் முகநூலில் முதலில் போட்டுவிட்டு, பிறகு எந்த இதழும் ஏற்பதில்லை என்று கவலைப்படுகிறார்கள். முகநூல் பதிவும் பல இதழ்களின் கணக்கில் ‘ஏற்கெனவே வெளியானது’தான். அதேபோல ஒரே கதையை ஒரே நேரத்தில் இரண்டு இதழ்களுக்கு அனுப்பலாமா என்பதும் இதழுக்கு இதழ் வேறுபடும். விதிகளை வாசிக்காமல் அனுப்பப்படும் கதைகள் பெரும்பாலும் வாசிக்கப்படாமலே திரும்புகின்றன.

நிராகரிப்புத்தான் இங்கே வழமை. ஒரு கதை பத்து இடங்களிலிருந்து திரும்பி, பதினோராவதில் ஏற்கப்படுவது சாதாரணம்.

2023 பெப்ரவரியில் இந்தத் திறந்த கதவுக்கு ஓர் ஆபத்து வந்தது. கிளார்க்ஸ்வேர்ள்ட் என்ற புகழ்பெற்ற இதழுக்குச் செயற்கை நுண்ணறிவு எழுதிக்கொடுத்த கதைகள் வெள்ளமாக வந்ததால், அது சில வாரங்கள் கதை பெறுவதையே நிறுத்தியது. சில நாடுகளிலிருந்து வருவதைத் தடுத்துவிட்டால் பிரச்சினை தீரும் என்ற யோசனையும் எழுந்தது. உண்மையான வெளிநாட்டு எழுத்தாளர்கள்தான் அதில் முதலில் அடிபடுவார்கள் என்று ஆசிரியர் நீல் கிளார்க் அதை ஏற்கவில்லை. கதவு மீண்டும் திறந்தது. ஆனால், எங்கோ யாரோ செய்யும் குறுக்குவழிக்கு மணிலாவிலோ மட்டக்களப்பிலோ இருப்பவர் விலை கொடுக்க நேரும் என்பது அப்போது தெளிவாகத் தெரிந்தது.

வெற்றிகள் இருக்கின்றன. ரோசிட்டா லோனன் ரூயிஸ் 2009இல் கிளாரியன் வெஸ்ட் என்ற அமெரிக்கப் பட்டறைக்குத் தெரிவான முதல் பிலிப்பைன்ஸ் எழுத்தாளர்; கறுப்பின எழுத்தாளர் ஒக்டேவியா பட்லரின் பெயரிலான புலமைப்பரிசில் அவருக்குக் கிடைத்தது. இசபெல் யாப்பின் சிறுகதைத் தொகுப்பு 2021இல் அமெரிக்காவின் ஸ்மோல் பியர் பதிப்பகத்தில் வந்தது. பிலிப்பைன்ஸிலேயே வசிக்கும் தியா குவான்சோனின் மாயப் புதினம் 2023இல் ஹார்ப்பர் வோயேஜர் வழியாக உலகச் சந்தைக்குப் போனது. சிங்கப்பூரில் 2013 முதல் 2018 வரை பத்து இதழ்கள் வந்த ‘லொன்டார்’, தென்கிழக்காசிய ஊகப் புனைவுக்கென்றே நடந்த சஞ்சிகை. 2025இல் பிராங்க்பேர்ட் புத்தகக் கண்காட்சியின் கௌரவ விருந்தினர் நாடு பிலிப்பைன்ஸ். அவர்களின் தேசிய வீரர் ஹோசே ரிசால் தனது முதல் நாவலை 1887இல் அச்சிட்டதும் ஜேர்மனியில்தான், பேர்லினில்.

ஆனால், மேலே சொன்ன பெயர்களைக் கவனித்தால் ஒன்று புரியும். ஏறக்குறைய எல்லோரும் ஆங்கிலத்தில் எழுதுபவர்கள். பிலிப்பைன்ஸில் நூற்றெழுபதுக்கும் மேற்பட்ட மொழிகள் உள்ளன. தகலொக் மொழியில் ‘லிவாய்வாய்’ 1922 முதலும், இலொகானோ மொழியில் ‘பன்னாவாக்’ 1934 முதலும் வெளிவந்த சஞ்சிகைகள். கிராமங்களில் அஸ்வாங்கை நிஜமாகவே பயந்து வளர்ந்தவர்கள் எழுதுவது இந்த மொழிகளில்தான். ஆங்கிலப் பள்ளிகளில் படித்த மணிலாக்காரர் அதே அஸ்வாங்கை வெளிநாட்டுக்குக் கொண்டுபோகும்போது, அது யாருடைய பேய் என்ற கேள்வி அங்கே இன்னும் ஓயவில்லை. எட்கர் கலாபியா சமார் 2014இல் அடர்னா ஹவுஸ் பதிப்பகத்தின் ஊடாகத் தொடங்கிய ‘ஜேனுஸ் சிலாங்’ என்ற இளையோர் மாயப் புதின வரிசை பிலிப்பினோ மொழியிலேயே பெரும் வாசகர் கூட்டத்தைச் சேர்த்தது. அதற்கு எந்த வெளிநாட்டு இதழின் அனுமதியும் தேவைப்படவில்லை.

மற்றொரு சிக்கல், வெளிநாட்டு வாசகருக்காக விளக்கிக்கொண்டே எழுதுவது. ஒவ்வொரு உள்ளூர்ச் சொல்லுக்கும் பக்கத்தில் பொருள் எழுதினால், தன் ஊரையே சுற்றுலாப் பயணிக்குக் காட்டுவது போலாகிவிடும். இந்த விவாதத்திற்குப் பிறகு பலர் விளக்கத்தை நிறுத்திவிட்டார்கள். புரியாத வாசகர் தேடிப் பார்த்துக்கொள்ளட்டும் என்பதே இப்போதைய போக்கு.

மொழிச் சிக்கலுக்கு அவர்கள் கண்டுபிடித்துக்கொண்டிருக்கும் வழி மொழிபெயர்ப்பு. கிறிஸ்டீன் ஒங் முஸ்லிம் உள்ளிட்ட ஐவர் தொகுத்து, 2021இல் கௌடி போய் பதிப்பகம் வெளியிட்ட ‘உலிராட்’, பிலிப்பைன்ஸின் பல மொழிக் கதைகளை ஆங்கிலத்தில் கொண்டுவந்தது. அரச அமைப்பான தேசிய நூல் அபிவிருத்திச் சபை வெளிநாட்டு மொழிபெயர்ப்புகளுக்கு மானியம் வழங்குகிறது.

பிலிப்பைன்ஸில் 1972இல் மார்க்கோஸ் இராணுவச் சட்டத்தை அறிவித்ததிலிருந்து காணாமல் ஆக்கப்பட்டவர்கள் பலர். அந்தக் குற்றத்துக்கெதிரான சட்டம் அங்கே வந்ததே 2012இல்தான். உடல் கிடைக்காத மரணத்தைச் செய்தியாக எழுத முடியாத காலத்தில், திரும்பி வந்து வாசலில் நிற்கும் ஆவியின் கதையாக அதை எழுத முடியும். எங்கள் பக்கத்தில் அப்படியான கதைகளை எழுதிவைத்திருப்பவர்கள் ஆங்கிலம் தெரியவில்லையே என்று ஒதுங்கத் தேவையில்லை. ஸ்ட்ரேஞ்ச் ஹொரைசன்ஸ் குழு 2017 முதல் ‘சமோவார்’ என்ற மொழிபெயர்ப்பு இதழையும் நடத்துகிறது. அதில் ஆங்கில மொழிபெயர்ப்போடு, மூலக் கதையும் அது எழுதப்பட்ட மொழியிலேயே பக்கத்தில் வெளியாகும். கதையை அனுப்புவதற்கு முன் ஒரு நல்ல மொழிபெயர்ப்பாளரைத் தேடிக்கொள்வதும், பணத்தையும் உரிமையையும் இருவரும் எப்படிப் பங்கிடுவது என்று எழுத்தில் வைத்துக்கொள்வதும் அவசியம்.