மனசுக்குள் ஓர் ஆறு, ஒரு கோயில், ஓர் உலகம்... தெரியுமா?

திருச்சி புத்தூர் நால்ரோட்டில் டவுன் பஸ் ஏறினால், காவிரியைத் தாண்டி ஸ்ரீரங்கம். ஆனால் ரங்கநாதர் கோயிலுக்கு உள்ளேயே இன்னோர் ஆறு இருக்கிறது, தெரியுமா? விரஜா நதி! வைகுண்டத்தின் எல்லையில் ஓடுவதாக வைணவ நூல்கள் சொல்லும் ஆறு. அதன் பெயரில் ஒரு மண்டபமே உண்டு. வைகுண்ட ஏகாதசி விடியலில் ரத்தினங்கி சாத்திக்கொண்டு புறப்படும் உற்சவர் நம்பெருமாள், அங்கே நின்று வேத விண்ணப்பம் கேட்ட பிறகுதான் பரமபத வாசலைக் கடப்பார்.

அடுத்த ஆச்சரியம், ஆயிரங்கால் மண்டபம். வைகுண்டத்து மண்டபத்தின் பெயரான ‘திருமாமணி மண்டபம்’தான் இதற்கும். கல்தூண்களை எண்ணிப் பாருங்கள், ஆயிரம் தேறாது! ஏகாதசிக்கு முன்பு முகூர்த்தக்கால் நட்டு, குறைகிற கணக்கைத் தற்காலிகக் கால்களால் சரிக்கட்டிவிடுகிறார்கள். மனசில் கட்டிய வைகுண்டத்துக்கு முன்னால் கருங்கல்லே வளைந்துகொடுக்கிறது, பார்த்தீர்களா!

அந்த உலகத்தை மனசில் எழுப்புவது எப்படி என்று இங்கேயே ஒருவர் செய்முறை சொல்லிவிட்டார். ராமானுஜரின் வைகுண்ட கத்யம்! பங்குனி உத்திரச் சேர்த்தியில் அவர் விண்ணப்பித்த மூன்று கத்யங்களில் ஒன்று என்பது மரபு. பொத்தாம்பொதுவாக ‘வைகுண்டத்தை நினை’ என்று விடவில்லை. நந்தவனங்கள், கிளிகள், குயில்கள், மணித்தூண்கள், விளையாட்டுக் குன்றுகள் என்று ஒவ்வொன்றாக அடுக்குகிறார். எந்நேரமும் அனுபவித்தாலும் அந்தக் குன்றுகள் அன்றுதான் கண்டதுபோல வியப்பூட்டுமாம். அதோடு விட்டாரா? தியானிக்கிறவர் பெருமாளின் பரிவாரத் தலைவர்களையும் வாயில் காப்போரையும் வணங்கி, அனுமதி வாங்கித்தான் பெருமாளை நெருங்க வேண்டும். நம் கற்பனைக்குள் நாமே உத்தரவு கேட்டு நிற்க வேண்டும்!

சைவர்கள் சளைத்தவர்களா? பூசலார் கதையைக் கேளுங்கள். திருநின்றவூர்க்காரர், சிவனுக்குக் கோயில் கட்ட ஆசை, கையில் காசில்லை. மனசிலேயே பொருள் திரட்டினார், தச்சர்களைக் கூட்டினார், நல்ல நாள் பார்த்து அடித்தளம் போட்டார். இதில் என்னை அசத்துவது அவருடைய பொறுமை. நினைத்த மாத்திரத்தில் கோயிலை நிறுத்தியிருக்கலாமே, யார் கேட்கப்போகிறார்கள்? மாட்டேன் என்று இரவுத் தூக்கத்தைக்கூட விட்டுவிட்டு ஒவ்வொரு நிலையாக விமானம் எழுப்பி, சிகரம் வைத்து, சுதை பூசி, கிணறு தோண்டி, மதில் எடுத்து, குளமும் வெட்டினார். கடைசியில் குடமுழுக்குக்கு நாள் குறித்தால், அதே நாளில் காஞ்சியில் பல்லவ மன்னன் கட்டிய கற்கோயிலுக்கும் குடமுழுக்கு! யார் ஒத்திப்போட வேண்டும்? மன்னன்தான். சிவனே கனவில் வந்து சொல்லிவிட்டார் என்கிறது பெரியபுராணம். மன்னன் நின்றவூருக்கு வந்து பூசலார் கட்டிய கோயில் எங்கே என்று கேட்டால், ஊரார் விழிக்கிறார்கள். இன்று அங்கே இருதயாலீஸ்வரர் கோயில் நிஜமாகவே நிற்கிறது.

வீரை ஆளவந்தார் தமிழில் பாடிய ஞான வாசிட்டம் இன்னும் ஒரு படி மேலே போகும். அதில் லீலை என்ற அரசிக்குத் தெரியவருவது என்ன தெரியுமா? தானும் கணவனும் ஆண்ட நாடு முழுவதும் ஓர் அந்தணரின் வீட்டுக்குள் அடங்கியிருக்கிறது. அந்த அந்தணர் இறந்து எட்டே நாள்தான் ஆகிறது!

பக்திக்கு மட்டும்தான் இதெல்லாம் என்று நினைத்துவிடாதீர்கள். கனமான கல் வேகமாக விழும் என்ற பழைய நம்பிக்கையைக் கலிலியோ தம் 1638ஆம் ஆண்டு நூலில் உடைத்த விதம் தெரியுமா? மலைக்கோட்டை உச்சி மாதிரி எங்கும் ஏற வேண்டியதில்லை. பெரிய கல்லையும் சிறிய கல்லையும் மனசில் சேர்த்துக் கட்டினார். மெதுவான சிறிய கல் பெரியதை இழுத்துப் பிடிக்க வேண்டும். ஆனால் இரண்டும் சேர்ந்தால் கனம் கூடுவதால் இன்னும் வேகமாகவும் விழ வேண்டும். இரண்டும் எப்படி நடக்கும்? நம்பிக்கை அங்கேயே விழுந்தது. பதினாறு வயதில் ஒளிக்கதிரைத் துரத்தி ஓடுவதாக ஐன்ஸ்டைன் கற்பனை செய்ததும் இந்த வகைதான். அந்தக் கற்பனை வளர்ந்துதான் 1905இல் சார்பியல் வந்தது.

ஸ்ரீரங்கத்தில் பாட்டி வீட்டில் வளர்ந்த எழுத்தாளர் சுஜாதாவை எப்படி விடுவது? ‘என் இனிய இயந்திரா’ நாவலில் அவர் கட்டிய நாட்டில் பிள்ளை பெறுவதற்கே அரசு அனுமதி வேண்டும். அந்த நாட்டை ஆளும் ஜீவா மனிதரே இல்லை, வெறும் ஒளிப்பிம்பம்! அதைக் கண்டுபிடிக்க உதவுவது யார் தெரியுமா? ஜீனோ என்ற இயந்திர நாய்!