மூலிகையும் அதன் சாரமும்: எதில் எவ்வளவு ஜாக்கிரதை?

ஆனி பிறந்து சாரல் தொடங்கியதும் குற்றாலத்துக்கு ஜனங்கள் திரளாக வருவது நெடுநாளைய வழக்கம். அருவிக்குச் செல்லும் பாதையின் இருமருங்கிலும் கடைகள் பரந்துவிடும். வேர், பட்டை, காய், தேன், தைலம் இவையே முன்னாட்களில் அக்கடைகளில் காணப்பட்டவை. இப்பொழுது அவற்றின் நடுவே அழகிய குப்பிகளில் மாத்திரைகளும், உறைகளில் அடைத்த தூள்களும் இடம் பெற்றிருக்கின்றன. உடல் இளைக்க ஒன்று, மலம் இளக ஒன்று, மூட்டு வலிக்கு ஒன்று. வாங்கத் தயங்குகிறவருக்கு விற்பவர் சொல்லும் சமாதானம் பெரும்பாலும் ஒன்றே: "இது மூலிகைதானே, ஐயா, ஒரு கெடுதலும் செய்யாது."

இவ்வார்த்தையை உழவர் பெருமக்கள் ஆராயாமல் ஏற்பதற்கில்லை. அவர்கள் அம்மாத்திரைகளை வாங்கி உண்பவர்கள் மட்டுமல்லர். அவற்றுக்கு வேண்டிய இலையும் விதையும் பெரும்பகுதி அவர்களுடைய நிலங்களிலிருந்தே செல்கின்றன. முழு இலையை உட்கொள்வதற்கும், அதிலிருந்து இறக்கிய சாரத்தை உட்கொள்வதற்கும் உள்ள வேற்றுமையை அறிந்துகொள்வது உடலுக்கும் நலம், விளைபொருளின் விலைக்கும் நலம்.

முதலில் குற்றாலத்துக்கே உரிய ஒரு சரக்கை எடுத்துக்கொள்வோம். நம் தேசத்தில் கிராம்புச் செடி முதன்முதல் நடப்பட்ட இடம் குற்றாலமே. 1800-ஆம் ஆண்டை ஒட்டிக் கிழக்கிந்தியக் கம்பெனியார் இங்கே ஒரு வாசனைத் திரவியத் தோட்டம் அமைத்துக் கிராம்பு முதலியவற்றைப் பயிராக்கினர். இன்றும் இம்மலைச் சரிவுத் தோட்டங்களில் கிராம்பு விளைகிறது. பல்வலிக்கு ஒரு கிராம்பை வாயில் அடக்கிக்கொள்வதும், குழம்பில் இரண்டு மூன்று போடுவதும் எல்லா வீடுகளிலும் உள்ள பழக்கம். அதனால் தீங்கு விளைந்ததாக யாரும் சொல்லக் கேட்டதில்லை.

இனிக் கிராம்புத் தைலத்தைப் பாருங்கள். உலர்ந்த கிராம்பில் நூற்றுக்கு 15 முதல் 20 பங்கு வரை தைலம் உண்டு. ஒரு கிராம் எடைக்கு ஏறத்தாழப் பத்துக் கிராம்பு நிற்கும். கணக்கிட்டால், ஒரு தேக்கரண்டித் தைலம், அதாவது 5 மில்லிலிட்டர், சுமார் 300 கிராம்புகளின் தைலமாகும். முந்நூறு கிராம்பை ஒருவர் மென்று விழுங்க முயன்றாலும் முடியாது. பத்தாவது கிராம்பிலேயே நாக்கு மரத்து, வாய் எரிந்து, துப்பிவிடுவார். தைலமோ ஒரே மடக்கில் உள்ளே போய்விடும். இங்கிலாந்தில் இரண்டு வயதுக் குழந்தை ஒன்று 5 முதல் 10 மில்லிலிட்டர் வரை கிராம்புத் தைலத்தைக் குடித்துவிட்டது. வலிப்புக் கண்டு, நினைவிழந்து, ஈரல் பழுதுற்று, மரணத்தின் வாயில்வரை சென்று பிழைத்த செய்தி 1993-ஆம் ஆண்டு மருத்துவ இதழில் வெளிவந்தது. அக்குழந்தை குடித்ததில் கலப்படம் எதுவும் இல்லை. நாம் பல்லில் வைக்கும் அதே வஸ்துதான்.

முழு மூலிகைக்கு இயற்கையே சில தடைகளை வைத்திருக்கிறது. கசப்பு ஒரு தடை. நாறும் பருமனும் ஒரு தடை. ஒரு மனிதர் ஒரு வேளையில் இவ்வளவுதான் உண்ண முடியும் என்பது ஒரு தடை. சாரம் இறக்கும்போது முதலில் போவது இத்தடைகளே.

திருநெல்வேலிச் சீமையின் பெயரை உலகெங்கும் கொண்டுசென்ற நிலாவிரையைப் பற்றிச் சற்று விரிவாகவே கூறவேண்டும். நிலாவாகை என்று வைத்தியர்களும், அவுரி என்று குடியானவர்களும் வழங்குவது இதுவே. (நீலச்சாயம் எடுக்கும் அவுரி வேறு செடி, பெயர் ஒற்றுமையால் வரும் குழப்பம் இன்னும் தீர்ந்தபாடில்லை.) மேல்நாட்டு மருந்து நூல்களில் இதற்குத் 'தின்னவேலி சென்னா' என்றே பெயர். 19-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஹியூஸ் என்ற ஆங்கிலேயர் திருநெல்வேலியில் இதைப் பயிரிட்டு லண்டனுக்கு அனுப்பத் தொடங்கியபின் இதன் பெயர் பரவிற்று. இன்றும் தென்காசிக்குக் கிழக்கே திருநெல்வேலி, தூத்துக்குடி ஜில்லாக்களின் மானாவாரி நிலங்களில் விளையும் இலையும் காயும் தூத்துக்குடித் துறைமுகத்தின் வழியாக ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் செல்கின்றன.

இதன் வேலை செய்யும் சத்துக்குச் சென்னோசைடு என்று பெயர். 1941-இல் சுவிட்சர்லாந்தில் ஸ்டோல் என்பவரும் அவருடன் உழைத்தவர்களும் இதைத் தனியே பிரித்தெடுத்தனர். இச்சத்து இரைப்பையிலும் சிறுகுடலிலும் ஒன்றும் செய்வதில்லை. பெருங்குடலை அடைந்ததும் அங்கு வாழும் நுண்ணுயிர்கள் இதை உடைக்கின்றன. அப்பொழுதுதான் குடல் அசைந்து, நீர் சுரந்து, மலம் இளகுகிறது. இரவு உண்டால் காலையில் பயன் தெரிவது இதனாலேயே. அளவுக்கு மேல் நெடுநாள் உண்பவர்களுக்கு நீரோடு பொட்டாசியம் என்னும் உப்பும் வெளியேறி, தசை தளர்ந்து, இருதயத்தின் ஓட்டமும் கெடக்கூடும்.

வயது வந்தவருக்கு ஒரு நாளைக்கு 15 முதல் 30 மில்லிகிராம் சத்து போதும் என்பதும், அதையும் ஒரு வாரத்துக்கு மேல் தொடரலாகாது என்பதும் ஐரோப்பிய மருந்து நிர்வாகத்தாரின் கொள்கை. நல்ல இலையில் நூற்றுக்கு இரண்டு, மூன்று பங்கு இச்சத்து இருக்கும். ஒரு குன்றிமணி எடையைச் சுமார் 125 மில்லிகிராம் என்று கொண்டால், ஒரு குன்றிமணி எடை இலைத்தூளில் உள்ள சத்து 3 மில்லிகிராமே. சந்தையில் இந்த இலையின் சாரம் நூற்றுக்கு 20, 40, 60 பங்கு என்னும் தரங்களில் விற்கப்படுகிறது. அறுபது பங்குச் சாரத்தில் அதே குன்றிமணி எடையில் 75 மில்லிகிராம் சத்து அடங்கும். இலைத்தூளை ஒரு சிட்டிகை கூட்டிப் போட்டவருக்கு வயிறு சற்றுக் கலங்குவதோடு போகும். சாரத்தில் அதே கைத்தவறு நேர்ந்தால் இரண்டு மூன்று பேருக்கு உரியதை ஒருவர் விழுங்கியவராவார்.

இதைக்கொண்டு சாரம் என்றாலே விஷம் என்று முடிவு கட்டுவதும் பிழை. இலைத்தூளில் எவ்வளவு சத்து இருக்கிறது என்று கண்ணால் பார்த்து யாராலும் கூற இயலாது. இளம் இலைக்கும் முதிர்ந்த இலைக்கும், நிழலில் உலர்ந்ததற்கும் மழையில் நனைந்து புழுங்கியதற்கும் பெருத்த வித்தியாசம் உண்டு. அளந்து செய்த மாத்திரையில் இவ்வளவு மில்லிகிராம் என்று எழுதியிருக்கும்; வைத்தியர் அதைக்கொண்டு கணக்காகக் கொடுக்கலாம். இலையில் அளவு தெரியாது, ஆனால் ஓர் எல்லை உண்டு. சாரத்தில் அளவு தெரியும், எல்லை கிடையாது.

"நம் முன்னோரும் குடிநீர் காய்ச்சி எட்டில் ஒன்றாகச் சுண்டவைத்தார்களே, அதுவும் சாரம்தானே?" என்று சிலர் கேட்பதுண்டு. நியாயமான கேள்வி. ஆனால் குடிநீரில் இறங்குவது நீரில் கரையும் பொருள்கள் மட்டுமே. நீரைச் சுண்டவைத்தாலும் போட்ட சரக்கின் அளவு கூடுவதில்லை. ஆலைகளில் சாராயம் முதலிய திராவகங்களால் இறக்கும்போது நீரில் கரையாதவையும் சேர்ந்து இறங்குகின்றன. மஞ்சளை எடுத்துக்கொள்ளுங்கள். கிழங்கில் நூற்றுக்கு மூன்று முதல் ஐந்து பங்கே குர்க்குமின் என்னும் சத்து. அது நீரில் கரைவதும் அரிது, குடலில் ஏறுவதும் அரிது. ஆலைச் சாரத்தில் அது 95 பங்கு. போதாக்குறைக்கு மிளகின் காரச் சத்தையும் சேர்க்கிறார்கள். மிளகுச் சத்தோடு கொடுத்தால் குர்க்குமின் உடலில் ஏறுவது இருபது மடங்காகும் என்று 1998-இல் பெங்களூரில் நடந்த ஆராய்ச்சி காட்டிற்று. 2019-இல் இத்தாலி தேசத்தில் மஞ்சள் சார மாத்திரைகளை உண்ட பலர் ஈரல் அழற்சியால் வருந்தியமையால் அந்த அரசாங்கத்தார் எச்சரிக்கை விடுத்தனர். நம் குழம்பில் தினந்தோறும் மஞ்சளும் மிளகும் ஒன்றாகவே கொதிக்கின்றன, அதற்கு அஞ்சவேண்டுவதில்லை.

மலைக்கு அப்பால் மலையாள தேசத்தில் மீன் குழம்புக்கு இடும் கொடம்புளியின் கதையும் இத்தகையதே. அதன் புளிப்புச் சத்தைச் செறிவாக்கி உடல் இளைக்கும் மருந்தாக விற்கிறார்கள். அமெரிக்காவில் இதுபோன்ற சரக்குகள் பல கலந்த மாத்திரைகளால் 23 பேருக்கு ஈரல் கெட்டதாகத் தகவல் வந்து, 2009-இல் அவற்றைத் திரும்பப் பெற நேர்ந்தது. கலவை மருந்தாதலால் குற்றம் எதன்மேல் என்று அப்பொழுது துணிந்து கூற இயலவில்லை. 2022-இல் அந்நாட்டார் வெளியிட்ட ஆராய்ச்சியில், கொடம்புளிச் சாரம் கலந்தவற்றை உண்டு ஈரல் பழுதுற்ற 22 பேரில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்குப் பிறவியிலேயே அமைந்த ஒரு கூறு பொதுவாக இருந்தது. ஆகவே பக்கத்து வீட்டுக்காரருக்கு ஒத்துக்கொண்டது நமக்கும் ஒத்துக்கொள்ளும் என்று நம்புவதற்கில்லை.

இதுவரை கூறியவை இயல்பில் சாந்தமான மூலிகைகள். கொடிய மூலிகைகளில் நிலைமை தலைகீழாக மாறிவிடுகிறது. செங்காந்தளைக் காண்க. கார்த்திகை மாதத்தில் வேலியோரங்களில் தீக்கொழுந்துபோல் பூக்கும் இச்செடியின் பூ நம் ராஜ்யத்தின் மலராகும். இதன் கிழங்கைக் கலப்பைக் கிழங்கு என்றும் கண்வலிக் கிழங்கு என்றும் கூறுவர். இதன் விதை கொல்சிசின் என்னும் மருந்துக்காக நல்ல விலைக்குப் போவதால் திண்டுக்கல், திருப்பூர், கரூர் பக்கங்களில் பந்தலிட்டு வளர்க்கிறார்கள். கொல்சிசின் மாத்திரை ஒன்றில் இருப்பது அரை மில்லிகிராம். வாத இரத்தம் என்னும் மூட்டு நோய்க்கு வைத்தியர் சொன்னபடி அதைச் சாப்பிட்டுப் பயனடைபவர் அநேகர். கிழங்கிலோ விதையிலோ எவ்வளவு இருக்கும் என்று அளப்பார் இல்லை. சர்க்கரைவள்ளி என்று எண்ணி இக்கிழங்கை அவித்து உண்டு மாண்டவர்கள் இலங்கையில் உண்டு. இங்கே முழு மூலிகையே எமன். அளந்தெடுத்த சாரமே மருந்து. எட்டிக் கொட்டை, சேராங்கொட்டை, நேர்வாளம் முதலியவற்றைச் சித்த வைத்தியர்கள் சுத்தி செய்யாமல் தொடுவதில்லை என்பதையும் இங்கே நினைவுகூர வேண்டும்.

பயிரிடுவோர் கவனிக்கவேண்டியவை சில. ஆலைக்காரர் இலையை வாங்குவது எடைக்காக மட்டுமன்று, சத்துக்காக. நிலாவிரை இலையை வெயிலில் பரப்பி மஞ்சளாக்கினால் விலை குறையும். காற்றோட்டமுள்ள நிழலில் மெல்லிய படலமாகப் பரப்பி, பசுமை மாறாமல் உலர்த்துவதே முறை. பூங்கொத்தைக் கிள்ளிவிட்டால் இலை பெருகும். இவற்றைவிட முக்கியமானது பூச்சி மருந்து. இலையில் தங்கிய நஞ்சு, சாரம் இறக்கும்போது சத்தோடு சேர்ந்து தானும் செறிவடையலாம். அறுவடைக்குச் சில நாள் முன்பு அடித்த மருந்து, இலையில் அற்பமாகத் தோன்றி, சாரத்தில் சோதனைக்கு அகப்பட்டு, சரக்கு முழுவதும் திரும்பிவர இடமுண்டு.

செங்காந்தள் வைப்போர் விதையையும் விதைக் கிழங்கையும் உணவுத் தானியமும் கிழங்கும் இருக்கும் அறையில் வைக்கவே கூடாது. விதை உரிக்கும் ஆட்கள் கைகழுவாமல் வெற்றிலை போடுவதையும் தடுக்கவேண்டும். இந்நஞ்சு உடனே தெரிவதில்லை. சில மணி நேரம் கழித்தே வாந்தியும் பேதியும் தொடங்கும். பிறகு சற்றுத் தணிவதுபோல் காட்டி, இரத்தம் ஊறும் எலும்பு மச்சையைக் கெடுக்கும். ஆகையால் கிழங்கைத் தின்றதாகத் தெரிந்தால், நோயாளி நன்றாயிருக்கிறார் என்று காத்திராமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகவேண்டும்.

கிராம அலுவலர்களிடம் ஜனங்கள் யோசனை கேட்பது வழக்கமாதலால் அவர்களுக்கும் இரண்டு வார்த்தை. 1940-ஆம் வருஷத்து மருந்துச் சட்டத்தின்படி விற்பனைக்குச் செய்யப்படும் சித்த, ஆயுர்வேத, யுனானி மருந்துகளின் மேலுறையில் செய்தவர் பெயரும் உரிம எண்ணும் இருத்தல் வேண்டும். கலப்பைக் கிழங்கு, எட்டி, சேராங்கொட்டை, நேர்வாளம், ஊமத்தை, குன்றி முதலியவை அச்சட்டத்தின் விதிகளில் விஷப் பொருள்களாகத் தனியே அட்டவணையிடப்பட்டிருக்கின்றன. அவை சேர்ந்த மருந்தில் வைத்திய மேற்பார்வையில் உண்ணவேண்டும் என்ற எச்சரிக்கை அச்சிட்டிருக்கவேண்டும். திருவிழாச் சந்தையிலும் சாரல் காலத்திலும் பெயரில்லாத குப்பியில் வரும் மாத்திரை, தூள், தைலம் எதையும் உள்ளுக்குச் சாப்பிடவேண்டாமென்று சொல்வதே உத்தமம்.

குழந்தை தைலத்தைக் குடித்துவிட்டால் வாந்தி எடுக்கச் செய்யவேண்டாம். தைலம் நுரையீரலில் ஏறிவிடும். குப்பியைக் கையோடு எடுத்துக்கொண்டு 108-ஐ அழைத்து, அருகிலுள்ள அரசாங்க ஆஸ்பத்திரிக்கு விரையவேண்டும். எவ்வளவு குறைந்திருக்கிறது என்பதைக் குப்பியைப் பார்த்தே டாக்டர் அறிவார்.