பாலாவிக் கரையில் ஒரு பாடம்

கற்றவரைப் பற்றும் நோய்களுள் கொடியது எது என்று என்னைக் கேட்டால், "எனக்குத் தெரியும்" என்னும் எண்ணமே என்பேன். பிறருடைய நோயைப் பற்றி நான் பேசவில்லை. என்னுடைய நோயைப் பற்றியே சொல்லுகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன்னர் ஒரு நாள், வகுப்பிலே திருக்கேதீச்சரத்தின் வரலாற்றைச் சொல்லிக்கொண்டிருந்தேன். மன்னார்த் தீவுக்கு எதிரே, பெருநிலத்தின் கரையில், மாந்தை என்னும் பழைய துறைமுகத்தில் அமைந்த தலம் அது. சம்பந்தரும் சுந்தரரும் பதிகம் பாடிய பெருமை உடையது. போர்த்துக்கேயர் காலத்தில் அழிவுற்று, ஏறத்தாழ முந்நூறு ஆண்டுகள் காடு மூடிக் கிடந்தது. "ஆறுமுக நாவலர் அதனை மீட்கவேண்டும் என்று எழுதினார், நிலமும் வாங்கப்பட்டது, அதனைக் கண்டு அவர் உள்ளம் பூரித்தார்" என்று சுவைபடப் பேசினேன்.

பின்வாங்கில் இருந்த மாணவன் ஒருவன் எழுந்தான். "சேர், நிலம் வாங்கப்பட்டது 1893 இல் என்று படித்தேன். நாவலர் 1879 இலேயே காலமாகிவிட்டாரே?" என்றான்.

"நீ எனக்கு வரலாறு கற்பிக்க வந்தாயோ?" என்றேன். வகுப்பு முழுவதும் சிரித்தது. அவன் தலை கவிழ்ந்து அமர்ந்தான்.

அன்றிரவு நூல்களைப் புரட்டினேன். அவன் கூறியதே சரி. ஆயினும் மறுநாள் நான் அதனைச் சொல்லவில்லை. "பிழை சிறியதுதானே" என்றது மனம். "அவன் கேட்ட முறை சரியில்லை" என்றது பிறகு. "ஆசிரியர் தவற்றை ஒப்புக்கொண்டால் மாணவர் மதிப்பரோ?" என்று இறுதியில் நியாயமும் பேசிற்று. இவ்வாறு இரு வாரங்கள் கழிந்தன. அந்த மாணவன் அதன் பின்னர் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. அவனுடைய மௌனந்தான் என்னை உறுத்தியது.

சைவ சித்தாந்தம் ஆணவம், கன்மம், மாயை என மும்மலம் கூறும். அவற்றுள் முதலில் வைக்கப்பெற்றது ஆணவம். இருளை ஒப்பது அது. இருள் பிற பொருள்களை மறைக்கும்; ஆயினும் தன்னைக் காட்டும். ஆணவமோ தன்னையும் மறைத்துக்கொள்ளும். அதனாலன்றோ அது எனக்கு நியாயம்போலத் தோன்றிற்று!

பதின்மூன்றாம் நூற்றாண்டில் வாழ்ந்த மெய்கண்டாரின் வரலாறு பலரும் அறிந்ததே. சகல ஆகமங்களையும் கற்ற முதிய ஆசிரியர் ஒருவர், சிறுவராகிய மெய்கண்டார் பிறருக்குப் பாடம் சொல்வதைக் கேள்வியுற்றுச் சினந்து வந்தார். ஆணவத்தின் வடிவம் யாது என்று வினவினார். மெய்கண்டார் வாய் திறவாது அவரையே ஏற இறங்க நோக்கினார். விடை விளங்கிற்று. முதியவர் சிறுவரின் அடியில் வீழ்ந்தார். அவரே அருணந்தி சிவாசாரியர். சிவஞான சித்தியாரை இயற்றியவர். இக்கதையை எத்தனையோ முறை மாணவர்க்குச் சொன்னவன் நான். எனக்கென்று அதனை ஒருமுறையும் சொல்லிக்கொண்டதில்லை.

அவ்வாண்டு சிவராத்திரியன்று திருக்கேதீச்சரம் சென்றேன். அங்கே ஓர் அரிய வழக்கம் உண்டு. அடியார்கள் பாலாவித் தீர்த்தத்தில் நீர் மொண்டு வந்து, மகாலிங்கத்துக்குத் தம் கையாலேயே வார்க்கலாம். ஆயிரக்கணக்கானோர் வரிசையில் நின்றனர். எனக்கு முன்னே கூலி வேலை செய்யும் மூதாட்டி ஒருவர். பின்னே பெரிய உத்தியோகத்தர் ஒருவர். அம்மூதாட்டி வார்த்த நீர் வடியுமுன்னே நான் வார்த்தேன். நான் வார்த்தது வடியுமுன்னே அவர் வார்த்தார். எவர் நீர் எது என்று யார் பிரித்தறிவார்?

அத்தலத்தின் திருப்பணியும் அத்தகையதே என்று அப்போது உணர்ந்தேன். நாவலர் 1872 இல் அதனை மீட்குமாறு மக்களை வேண்டினார்; ஏழாண்டுகளில் மறைந்தார். 1893 இல் நிலம் கிடைத்தது. 1903 இல் சிறு கோயில் எழுந்து குடமுழுக்குக் கண்டது. 1948 இல் திருப்பணிச் சபை தோன்றிற்று. நாட்டின் பாதுகாப்பு, வெளிவிவகார அமைச்சின் செயலாளராகவும், பின்னர் அமைச்சராகவும் இருந்த சேர் கந்தையா வைத்தியநாதன் அப்பணிக்குத் தம்மை ஒப்படைத்தார். அவரோ 1965 இல் மறைந்தார். பெருங் குடமுழுக்கு நிகழ்ந்தது 1976 இல். பின்னர் போர் வந்தது, மக்கள் இடம்பெயர்ந்தனர். மீண்டும் கருங்கல்லால் எழுப்பப்பெற்று, 2022 ஜூலை 6 இல் குடமுழுக்குக் கண்டது. தொடங்கியவர் முடிவைக் கண்டாரில்லை, முடித்தவர் தொடங்கினாரில்லை. என் பிழையின் பொருளும் அங்கே விளங்கிற்று. உழைத்தவரே பயனையும் கண்டார் என்று கதை முடிக்க விரும்பியது என்னுள் இருந்த "நான்" அன்றோ? நாவலருக்கு அது வேண்டியிருக்கவில்லை.

அடுத்த பாடவேளையில் வகுப்பின் முன் நின்று, "அன்று நான் கூறியது பிழை, தம்பி கூறியதே சரி. அவனை நகைப்புக்கு உள்ளாக்கியது அதனினும் பெரிய பிழை" என்றேன். ஒருவரும் சிரிக்கவில்லை. என் மதிப்பும் குறைந்துவிடவில்லை. சில நாள்களில் அவன் மீண்டும் கை உயர்த்தினான்.

மாணவர்களுக்கு ஒன்று சொல்வேன். பணிவு வேறு, அச்சம் வேறு. அன்று எழுந்து கேட்ட மாணவன் பணிவு தவறியவன் அல்லன். பணிவு தவறியவன் நான். தெரிந்ததை மரியாதையோடு சொல்வதும் பணிவே. தெரியாததைத் தெரியாது என்பதும் பணிவே.

பெரியோருக்கும் ஒன்று சொல்வேன். பிழை எவர் முன் நிகழ்ந்ததோ, அவர் முன்னரே அதனை ஒப்புக்கொள்ளுதல் வேண்டும். பலர் முன் இகழ்ந்துவிட்டுத் தனியே மன்னிப்புக் கேட்பது பாதி வழிதான். பிள்ளையிடம் தவறிய தந்தை, பிள்ளையிடமே "தவறிவிட்டேன்" என்று சொல்லட்டும். அவ்வில்லத்தில் பிள்ளைகளுக்குப் பணிவைத் தனியே கற்பிக்க வேண்டியதில்லை.