ஜீப் வாங்கலாம், தீனி போட முடியுமா?

"நானா, ஒரு ஜீப் பார்த்து வைத்திருக்கிறேன். கறுப்பு நிறம், பெரிய டயர், உள்ளே எல்லாம் புதுசு மாதிரி. ஒருக்கா வந்து பாருங்களேன்" என்று அண்மையில் தம்பி ஒருவர் கடைக்கு வந்தார். இறத்தோட்டைப் பக்கம் மிளகும் கராம்பும் சேர்ப்பவர். என்ன விலை சொல்கிறார்கள் என்று கேட்டேன். அவர் சொன்ன தொகையும் அவரிடமிருந்த கைமுதலும் ஏறக்குறைய ஒன்றுதான்.

"வாங்கிய மறுவாரம் டயர் ஒன்று வெடித்தால் என்ன செய்வீர்கள்?" என்றேன். தம்பி சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. 2011 இல் அதே இடத்தில் நின்றவன் நான்.

அப்போது எனது வியாபாரம் கொஞ்சம் கால் ஊன்றியிருந்தது. மலைப்பக்கத் தோட்டங்களுக்கு முச்சக்கர வண்டி ஏறாது, லொறி திரும்பாது. இருந்த முதலையெல்லாம் போட்டு ஒரு பெரிய ஜீப் வாங்கினேன். அதன் பெயர் இங்கு வேண்டாம். தவறு வாகனத்தினுடையதல்ல, பார்க்காமல் வாங்கியவனுடையது. இரண்டாம் மாதமே ஏற்றத்தில் சூடேறி சிலிண்டர் ஹெட் வெடித்தது. அது முடிய கியர் பொக்ஸ். வாகனம் கராஜில் நின்ற அதே நாட்களில்தான் தோட்டங்களில் மிளகு பறித்துக் காயப்போட்டிருந்தார்கள். வாங்குவதற்குக் கையில் காசில்லை. பல வருடங்களாக எனக்கே தந்தவர்கள் வேறு வியாபாரிக்குக் கொடுத்தார்கள். ரிப்பெயார் செலவை அடுத்த வருடமே உழைத்து எடுத்துவிட்டேன். போன வாடிக்கையைத் திருப்பி எடுக்க மூன்று வருடங்கள் சென்றன.

யானையைக் கட்டித் தீனி போட முடியுமா என்று நம் பெரியவர்கள் கேட்பார்கள். பாவித்த ஜீப்பும் ஒரு யானைதான். நமது வசதிக்கேற்ற ஒன்றை எப்படித் தெரிவு செய்வது என்பதை இந்த வாரம் பார்ப்போம்.

உண்மையில் தேவையா?

ஃபோர்வீல் டிரைவ் என்றால் இஞ்சினின் இழுவை நான்கு சில்லுகளுக்கும் போவது. சேற்றிலும், மணலிலும், செங்குத்தான மண் பாதையிலும் அதன் அருமை தெரியும். தார் வீதியில் அது வெறும் சுமை. எடை கூட, எரிபொருள் கூட, தேயும் பாகங்களும் கூட.

எனவே கடந்த வருடக் கணக்குக் கொப்பியை எடுங்கள். சாதாரண வாகனம் போக முடியாமல் நின்ற நாட்கள் எத்தனை என்று எண்ணுங்கள். பத்துப் பதினைந்து நாட்கள்தான் என்றால் அந்த நாட்களுக்கு ஊரிலுள்ள ஜீப்பையோ டிரக்டரையோ வாடகைக்குப் பிடிப்பது இலாபம். தரையிலிருந்து சற்று உயரமான, பின் சில்லு மட்டும் இழுக்கும் கெப் வண்டி ஒன்றே பலருக்குப் போதும். வாரத்தில் மூன்று நான்கு நாட்கள் மண் பாதையில்தான் பிழைப்பு என்பவருக்கே ஜீப் ஒரு தொழிற்கருவி. மற்றவர்களுக்கு அது ஆசை. ஆசைப்படுவது குற்றமல்ல, ஆனால் அதைக் கடை முதலிலிருந்து எடுக்கக் கூடாது.

நான்கில் ஒரு பங்கு

நம் நாட்டில் வாகன இறக்குமதி 2020 மார்ச்சில் இடைநிறுத்தப்பட்டது. தனியார் வாகனங்களுக்குக் கதவு மீண்டும் திறந்தது 2025 பெப்ரவரியில்தான். இடைப்பட்ட ஐந்து வருடங்களும் இருந்த வாகனங்களே ஓடின. தேய்மானம் ஏறியது, விலையும் ஏறியது. கதவு திறந்த பின்னரும் வரிச்சுமையால் புதிய ஃபோர்வீல் வாகனம் சிறு வியாபாரிக்கு எட்டவில்லை. ஆகவே நாம் பார்ப்பது பெரும்பாலும் இருபது முப்பது வருடப் பழைய வாகனங்களைத்தான்.

அப்படிப்பட்ட வாகனம் எதுவும் வாங்கிய நாளிலேயே முழுமையாக இருக்காது. ஆகவே கையில் 100 ரூபா இருந்தால் 75 ரூபாவுக்கு மேல் வாகனம் பார்க்காதீர்கள். மீதி 25 ரூபா டயருக்கு, பெற்றரிக்கு, ஒயில்களுக்கு, பெல்ட்டுக்கு, பிரேக்குக்கு, பெயர் மாற்றத்துக்கு, காப்புறுதிக்கு. இந்த 100 ரூபாவும் பருவ காலக் கொள்வனவுக்கான முதலை ஒதுக்கி வைத்த பின்னர் மிஞ்சும் பணமாக இருக்க வேண்டும்.

லீசிங் எடுப்போர் இன்னொன்றையும் யோசிக்க வேண்டும். வட்டியைத் தவிர்த்து இஜாரா முறையில் எடுத்தாலும் தவணை மாதாமாதம் வரும். மிளகு மாதாமாதம் வராது.

எந்த வேலைக்கு எது?

பழைய மிட்சுபிஷி ஜீப்: வில்லிஸ் உரிமத்தின் கீழ் ஜப்பானில் 1953 முதல் 1998 வரை செய்யப்பட்டது. நம்மவர்கள் 4டீஆர்5 என்று இஞ்சின் பெயராலேயே அழைப்பது இதைத்தான். டர்போ இல்லாத 2,659 சீசீ டீசல் இஞ்சின், கம்பியூட்டர் எதுவுமில்லை. கிராமத்து மெக்கானிக்கே கழற்றிப் பூட்டுவார். சத்தம் அதிகம், வேகம் குறைவு, கொழும்புக்குப் போய் வந்தால் இடுப்பு வலிக்கும். ஊரைச் சுற்றிய மண் பாதைகளுக்கு ஏற்றது.

டொயோட்டா ஹைலக்ஸ் டபள் கெப்: 1990களில் வந்தவற்றில் 2,779 சீசீ 3எல் டீசல் இஞ்சின் உள்ளவை எளிமையானவை, டர்போ இல்லை. சரக்கும் ஏற்றலாம், குடும்பத்தையும் ஏற்றலாம். வியாபாரிக்கு எனது முதல் சிபாரிசு இதுதான். நல்லதுக்கு விலை கூடச் சொல்வார்கள். விற்கும்போதும் அந்த விலை கிடைக்கும்.

மிட்சுபிஷி எல்200, பழைய பஜேரோ: இவற்றில் பலவற்றிலுள்ள 2,477 சீசீ 4டீ56 டர்போ டீசல் இஞ்சின் நன்றாக இழுக்கும். ஆனால் அதில் டைமிங் பெல்ட் உண்டு. உரிய காலத்தில் மாற்றாமல் அது அறுந்தால் இஞ்சினின் மேற்பகுதி நாசம். அளவுக்கு மீறிச் சூடேறினால் ஹெட் வெடிக்கும். பெல்ட் எப்போது மாற்றியது என்பதற்குப் பில் இல்லாவிட்டால் மாற்றவில்லை என்றே கணக்கெடுங்கள். பஜேரோவின் 4எம்40 இஞ்சினில் பெல்ட்டுக்குப் பதிலாகச் செயின்.

லேண்ட் ரோவர் டிஃபெண்டர்: மேலுடலின் பெரும்பகுதி அலுமினியம், ஆனால் செசி இரும்பு, அது துருப்பிடிக்கும். பெயருக்காகவும் விலை கொடுக்க வேண்டும்.

சுசுகி ஜிம்னி, சமுராய்: சிறிய பெற்றோல் வாகனங்கள். ஒடுங்கிய தோட்டப் பாதையில் இவற்றுக்கு நிகரில்லை. இரண்டு மூன்று மூடைக்கு மேல் எதிர்பார்க்காதீர்கள்.

2004 க்குப் பிந்திய கொமன் ரெயில் டீசல் டபள் கெப்கள்: வலுவும் சொகுசும் உண்டு. ஆனால் இன்ஜெக்டர்கள் அழுக்கு டீசலைத் தாங்காது. அவற்றை மாற்றும் செலவை முதலில் விசாரித்துக்கொள்ளுங்கள்.

எதை விரும்பினாலும் பஞ்சிகாவத்தையில் இரண்டு கடைகளில் அதன் கிளச், ரேடியேட்டர், பிரேக் பாகங்களின் விலையைக் கேட்டுவிட்டு வாருங்கள். உதிரிப்பாகம் தேடி அலைய வேண்டிய வாகனம் மலிவாகக் கிடைத்தாலும் மலிவல்ல. நல்ல பெயருள்ள கெட்ட வாகனத்தை விட, சாதாரணப் பெயருள்ள நல்ல வாகனமே மேல்.

பார்க்கப் போகும் காலை

எனது மெக்கானிக் பாஸ் ஒருவர் சொல்வார்: "வாகனம் பார்க்கப் போகும் நாளில் காசைக் கொண்டு போகாதீங்க." காசு மடியில் இருந்தால் கண் மறைத்துவிடும். முற்பணம் கொடுக்கும் ஆசையும் வந்துவிடும்.

காலையில், மழையில்லாத நேரத்தில் போங்கள். "நான் வரும்வரை ஸ்டார்ட் பண்ண வேண்டாம்" என்று முன்கூட்டியே சொல்லுங்கள். போனதும் பொனட்டில் கை வையுங்கள். சூடாக இருந்தால் ஏதோ ஒன்றை மறைக்கவே முன்னதாக இயக்கியிருக்கிறார்கள். இஞ்சின் குளிர்ந்திருக்கும்போதே ரேடியேட்டர் மூடியைத் திறந்து, ஸ்டார்ட் செய்து தண்ணீரைப் பாருங்கள். தொடர்ந்து குமிழி வந்தால் ஹெட்டில் பிரச்சினை இருக்கலாம். சூடான பின் அந்த மூடியைத் தொடவே வேண்டாம்.

புகை பேசும். நீலப் புகை என்றால் ஒயில் எரிகிறது. சூடான பிறகும் நிற்காத வெண்புகை என்றால் தண்ணீர் உள்ளே போகிறதோ, இன்ஜெக்டரில் கோளாறோ என்று பார்க்க வேண்டும். கரும்புகை டீசல் சரியாக எரியவில்லை என்பதற்கு அடையாளம். இஞ்சின் ஓடும்போது ஒயில் ஊற்றும் மூடியைக் கழற்றினால் குபுகுபுவென்று புகை தள்ளுமானால் இஞ்சின் தேய்ந்துவிட்டது.

பிறகு ஒரு நல்ல ஏற்றத்தில் ஏற்றுங்கள். கண்டி வீதியில் இருப்பவருக்குக் கடுகண்ணாவை இருக்கிறது. சூட்டு மானியில் ஒரு கண் இருக்கட்டும். இறக்கத்தில் கியர் தானாகக் கழன்று வருகிறதா என்றும் பாருங்கள். மீட்டர் காட்டும் கிலோமீற்றரை நம்ப வேண்டாம். பெடல் றப்பரும், ஸ்டியரிங்கும், சாரதி ஆசனமும் உண்மையைச் சொல்லும்.

அடுத்தது செசி. பழைய சாரமொன்றை விரித்துக் கீழே படுங்கள். புதிதாகக் கறுப்புப் பூச்சு அடித்திருந்தால் சிறு சுத்தியலால் தட்டிப் பாருங்கள். நல்ல இரும்பு கணீரென்று ஒலிக்கும், உக்கியது மந்தமாக ஒலிக்கும். ஸ்டியரிங் பெட்டியைப் பூட்டியிருக்கும் இடத்திலும் ஸ்பிரிங் கொளுவும் இடங்களிலும் வெடிப்போ வெல்டிங் தழும்போ உண்டா என்று பாருங்கள். கடற்கரை ஊர்களில் ஓடியவற்றில் இது இன்னும் முக்கியம்.

2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் கொண்டுவந்த வெள்ளத்தில் எத்தனையோ வாகனங்கள் மூழ்கின. கழுவிப் பளபளப்பாக்கினால் அவையும் சந்தைக்கு வரும். சீட் பெல்ட்டை முழுதாக இழுத்து அடியில் சேற்றுக் கறை இருக்கிறதா என்றும், கால்விரிப்புக்குக் கீழே துருவோ நாற்றமோ உண்டா என்றும் பாருங்கள்.

நான்கு சில்லும் இழுக்கிறதா?

ஏமாற்றம் அதிகம் நடப்பது இங்குதான். முன் சில்லுகளுக்குச் சுழற்சியைக் கொண்டு போகும் நீண்ட ஷாஃப்ட் பழுதானால், திருத்தும் செலவுக்குப் பயந்து சிலர் அதைக் கழற்றிவிடுவார்கள். கியர் லீவர் இருக்கும், பின்னால் "ஃபோர்வீல்" என்ற எழுத்தும் இருக்கும், முன் சில்லு மட்டும் இழுக்காது. கீழே படுத்திருக்கும்போதே அந்த ஷாஃப்ட் இருக்கிறதா என்று பாருங்கள்.

பிறகு சரளைக் கல் அல்லது ஈரமான புல் நிலத்தில் உயர் நிலையிலும் தாழ் நிலையிலும் போட்டு ஓட்டுங்கள். இலகுவாக விழ வேண்டும், உறுமலோ தட்டும் சத்தமோ வரக்கூடாது. இதைக் காய்ந்த தார் வீதியில் செய்ய வேண்டாம். சில பஜேரோக்கள் போன்றவை தவிர, வழமையான ஜீப்களில் முன் பின் அச்சுகள் ஒன்றாகப் பூட்டப்படுகின்றன. காய்ந்த வீதியில் வளைத்தால் பாகங்கள் முறுகும். நான்கு டயர்களும் ஒரே அளவாக இருக்க வேண்டியதும் அதனால்தான்.

புத்தகமும் பெயரும்

செசி இலக்கத்தையும் இஞ்சின் இலக்கத்தையும் பதிவுப் புத்தகத்தோடு ஓர் எழுத்து விடாமல் ஒப்பிடுங்கள். இஞ்சின் மாற்றிய வாகனங்கள் நம் நாட்டில் ஏராளம். மாற்றுவது குற்றமல்ல, மாற்றியதைப் பதிவு செய்யாதிருப்பதே தொல்லை. புத்தகத்தில் லீசிங் கம்பனியின் பெயர் இருந்தால், கடன் தீர்ந்த கடிதம் கைக்கு வரும்வரை பணம் கொடுக்காதீர்கள்.

"ஓப்பன் பேப்பரில் தருகிறேன், பிறகு மாற்றிக்கொள்ளுங்கள்" என்பது நம்மிடையே சாதாரணமாகிவிட்டது. கையொப்பமிட்ட வெற்றுப் படிவத்தோடு வாகனம் மூன்று நான்கு கை மாறுகிறது. புத்தகத்திலுள்ளவர் மௌத்தானாலோ வெளிநாடு போனாலோ நமது பணம் அந்தரத்தில் தொங்கும். விற்பவருக்கும் ஆபத்துத்தான், விபத்தொன்று நடந்தால் பொலிஸார் தேடி வருவது புத்தகத்திலுள்ள பெயரை. தேசிய அடையாள அட்டையைப் பார்த்து, உரியவரின் முன்னிலையில் கையொப்பம் வாங்கி, தாமதமின்றி மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் பெயரை மாற்றுங்கள். புகைப் பரிசோதனை அறிக்கையும் வருமான அனுமதிப்பத்திரமும் நடப்பு வருடத்தினவா என்றும் கவனியுங்கள்.

தம்பியின் ஜீப்

அந்தத் தம்பியோடு நானும் பாஸும் போனோம். பொனட் சூடாக இருந்தது. பாஸ் எதுவும் சொல்லாமல் சாரத்தை விரித்துக் கீழே படுத்தார். எழும்பி வந்து கையைத் துடைத்துக்கொண்டு, "முன் ஷாஃப்ட் இல்லை" என்றார். விற்பவரிடம் கேட்டபோது, அது கராஜில் இருக்கிறது, பூட்டித் தருகிறேன் என்றார். எந்தக் கராஜ் என்று கேட்டோம். அதற்குப் பதில் வரவில்லை.

திரும்பி வரும் வழியில் தம்பியின் முகம் வாடியிருந்தது. ஆனால் காசு வீட்டில் பத்திரமாக இருந்தது. இந்தப் பருவத்துக்கு வாடகை ஜீப் ஒன்றைப் பேசிக்கொண்டார். மிளகு வாங்கி விற்று, ஒதுக்கி, அதன் பிறகு டபள் கெப் ஒன்று பார்ப்போம் என்று முடிவெடுத்திருக்கிறார், இன்ஷா அல்லாஹ். ஜீப் எங்கும் போய்விடாது. மிளகுக் காலம் போய்விடும்.