எட்டு போட்டா போதுமா பாஸ்?

"மச்சி, எல்.எல்.ஆர். கைக்கு வந்துடுச்சு. வண்டியை எடு, திண்டிவனத்துலேர்ந்து விழுப்புரத்துக்கு ஒரு ரவுண்டு போயிட்டு வரலாம்!"

கேன்டீன்ல அடிக்கடி காதுல விழுற டயலாக். கொஞ்சம் பொறுங்க! எல்.எல்.ஆர். என்பது ஓட்டிப் பழக மட்டும்தான் அனுமதி. ஊர் சுத்த இல்லை. மத்திய மோட்டார் வாகன விதிகள் (1989) சொல்றது இதுதான்:

* லைசென்ஸ் உள்ள ஒருத்தர் கூடவே இருக்கணும். தேவைப்பட்டா அவரே வண்டியை நிறுத்துற மாதிரி உட்காரணும்.

* பைக் பின்சீட்ல அவரைத் தவிர யாருக்கும் இடமில்லை. உயிர் நண்பனா இருந்தாலும் நோ லிஃப்ட்!

* முன்னாலயும் பின்னாலயும் வெள்ளையில சிவப்பு 'எல்' கட்டாயம். வெட்கப்படாதீங்க, பின்னால வர்ற பஸ் டிரைவர் விலகிப் போக அதுதான் அடையாளம்.

* எல்.எல்.ஆர். 6 மாசம் செல்லும். 30 நாள் பழகின பிறகுதான் டெஸ்ட்.

இப்போ ஒரு சின்னக் கணக்கு. 80 கி.மீ. வேகத்துல வண்டி ஒரு செகண்டுக்கு 22 மீட்டர் பாயும். வாட்ஸ்அப் பார்க்க 2 செகண்ட் குனிஞ்சா, 44 மீட்டர் கண்ணைக் கட்டிக்கிட்டு ஓட்டினதுக்குச் சமம். விக்கிரவாண்டி பக்கம் கிளை ரோட்டுலேர்ந்து ஒரு டிராக்டர் எட்டிப் பார்க்க அது போதும்.

அதனால முதல்ல காலி மைதானம், அப்புறம் ஊர்த் தெரு, கடைசியாத்தான் ஹைவே. ஹெல்மெட்டைத் தலையில போட்டா மட்டும் போதாது, பட்டையையும் மாட்டுங்க.

டி.என். 16 திண்டிவனமோ, டி.என். 32 விழுப்புரமோ... டெஸ்ட் கிரவுண்டுல எட்டு போடும்போது எதிர்ல லாரி வராது. ரோட்டுல வரும்!