கடலுக்கு எந்த வீல்சேர்?

சிங்காநல்லூரிலிருந்து எந்தப் பக்கம் கிளம்பினாலும் கடல் தூரம்தான். மேற்கே கொச்சி சுமார் 200 கிலோமீட்டர், கிழக்கே சென்னை சுமார் 500. ஆனாலும் இரண்டு மூன்று நாள் கடலிலேயே தங்கிவரும் சொகுசுக் கப்பல் பயணம் இன்று கோவைக் குடும்பங்களுக்கு எட்டாத ஆசையாக இல்லை. 2022 ஜூன் மாதம் கார்டிலியா நிறுவனத்தின் 'எம்பிரஸ்' கப்பலை முதல்வர் மு.க.ஸ்டாலின் சென்னைத் துறைமுகத்தில் கொடியசைத்து அனுப்பிவைத்தார். அடுத்த ஆண்டு ஜூனில் அதே கப்பல் சென்னையிலிருந்து இலங்கைக்குப் போய் அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை என்று தொட்டுவந்தது. கொச்சியில் 2021-ல் 'சாகரிகா' பயணக் கப்பல் முனையம் திறக்கப்பட்டது. வசதியுள்ளவர்கள் பீளமேட்டில் விமானம் ஏறி, சிங்கப்பூரில் இறங்கி, அங்கே கப்பல் பிடிக்கிறார்கள்.

இந்தப் பயணங்களில் வீட்டிலேயே விட்டுச்செல்லப்படுகிறவர்கள் சிலர் உண்டு. முழங்கால் தேய்ந்த அம்மா, பக்கவாதம் வந்து ஒரு கை ஒரு கால் இழுத்துக்கொண்ட அப்பா, விபத்தில் முதுகுத்தண்டு அடிபட்ட தம்பி. உண்மையில் மலைக்கோயிலையும் ஊட்டியையும் விட இவர்களுக்குத் தோதானது கப்பல்தான். அறை, சாப்பாடு, மேல்தளம், கச்சேரி எல்லாம் லிஃப்ட் எட்டும் தூரத்தில் இருக்கும்; தினம் ஓர் ஊர், தினம் ஒரு விடுதி என்று பெட்டி கட்டவும் வேண்டாம். தடையாக இருப்பது பெரும்பாலும் உடம்பு அல்ல. தப்பான நாற்காலியும் தப்பான அறையும்தான்.

திருச்சி சாலைக்கு அருகே எனக்குத் தெரிந்த ஒரு வீடு. மகன் பம்ப் கம்பெனியில் வேலை பார்ப்பவர். அம்மாவுக்கு இரண்டு முழங்காலும் போய்விட்டன. பிடித்துக்கொண்டு பத்தடி நடப்பார். "ஏங்கண்ணு, நா வந்தா உங்களுக்குத் தொந்தரவுதான? நீங்க போயிட்டு வாங்க" என்றார் அம்மா. "நீங்க வந்தாத்தானுங்கம்மா போறோம்" என்றார் மகன். வீட்டில் ஒரு வீல்சேர் இருந்தது. சர்ஜிக்கல் கடையில் வாங்கிய, குரோம் பூசிய இரும்புச் சட்டம், நடுவில் ஓட்டை போட்ட கமோடு வகை. தூக்கிப் பார்த்தால் 20 கிலோவுக்குக் குறையாது.

டேப் எடுத்து அளந்தோம். இருக்கையின் அகலம் 18 அங்குலம். அம்மாவின் இடுப்பு அகலம் 14. இரண்டு பக்கமும் இரண்டிரண்டு அங்குலம் இடைவெளி. அதனால்தான் அவர் எப்போதும் ஒரு பக்கமாகச் சரிந்தே உட்கார்ந்திருந்தார். நாற்காலியின் வெளி அகலம், சக்கரத்தின் வளையத்தோடு சேர்த்து, 26 அங்குலம். இந்த 26-தான் கப்பலில் வழக்காகும். சாதாரண கப்பல் அறைகளின் கதவு பெரும்பாலும் 22, 23 அங்குலம்தான் இருக்கும். குளியலறைக் கதவு அதைவிடக் குறுகல், கீழே நிலைப்படி வேறு. சக்கர நாற்காலிக்கென்றே அமைத்த அறை என்றால் கதவு 32 அங்குலம், உள்ளே நாற்காலியைச் சுற்றித் திருப்ப ஐந்தடி இடம், குளியலறையில் கைப்பிடியும் உட்கார்ந்து குளிக்க இருக்கையும் இருக்கும். பெரிய சர்வதேசக் கப்பல் நிறுவனங்கள் பின்பற்றும் அளவு இது. ஒரு கப்பலில் இத்தகைய அறைகள் கொஞ்சம்தான், சீக்கிரம் தீர்ந்துவிடும். ஆகவே முதலில் அறை, பிறகு நாற்காலி.

எல்லாக் கப்பலும் ஒன்றல்ல. 'எம்பிரஸ்' 1990-ல் 'நார்டிக் எம்பிரஸ்' என்ற பெயரில் ராயல் கரீபியன் நிறுவனத்துக்காகக் கட்டப்பட்டது. அமெரிக்காவின் மாற்றுத்திறனாளிகள் சட்டம் கையெழுத்தானதும் அதே ஆண்டில்தான். அமெரிக்கக் கடல் எல்லைக்குள் வரும் வெளிநாட்டுக் கொடிக் கப்பல்களுக்கும் அந்தச் சட்டம் பொருந்தும் என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் சொன்னது 2005-ல். எனவே கப்பலுக்கு வயது என்ன என்று கேட்பது வெட்டிக் கேள்வி அல்ல. நம் நாட்டில் 2016-ன் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் இருக்கிறது. அணுகல் வசதி விதிகள் வெறும் பரிந்துரையாக இருக்கக் கூடாது, கட்டாயமாக வேண்டும் என்று நம் உச்ச நீதிமன்றமும் 2024 நவம்பரில் ராஜீவ் ரதூரி வழக்கில் தீர்ப்பளித்திருக்கிறது. கேட்கும் உரிமை நமக்கு உண்டு, தயங்க வேண்டாம்.

சரி, எந்த நாற்காலி? என் தீர்ப்பு இது: பிடித்துக்கொண்டு நாலடி வைக்கக்கூடிய பெரியவர்களுக்கு, மடிக்கக்கூடிய அலுமினிய வீல்சேர். எடை 12 முதல் 15 கிலோவுக்குள். பின்சக்கரம் பெரியதாக இருக்கட்டும். தள்ளுவதற்கு மட்டும் என்று நாலும் சின்னச் சக்கரமாக வரும் நாற்காலி காரின் டிக்கியில் அழகாக அடங்கும். ஆனால் அதில் உட்கார்ந்தவர் யாராவது தள்ளும்வரை இருந்த இடத்திலேயே இருக்க வேண்டும். ராத்திரி பத்து மணிக்கு மேல்தளத்தில் கடலைப் பார்க்க வேண்டும் என்று தோன்றினால், மகனை எழுப்பாமல் அம்மாவே உருட்டிக்கொண்டு போக முடிய வேண்டும். அந்தச் சுதந்திரத்துக்குத்தானே பணம் கட்டுகிறோம்?

முன்சக்கரத்தையும் பாருங்கள். கப்பலின் நடைபாதைகளில் கனத்த கம்பளம் விரித்திருப்பார்கள். ஐந்தங்குலச் சின்னச் சக்கரம் அதில் புதைந்து இழுக்கும். எட்டங்குலம் ஓரளவு வழுக்கிப் போகும். கைதாங்கி பின்னால் மடங்குவதாகவோ கழற்றக்கூடியதாகவோ இருந்தால்தான் கட்டிலுக்குப் பக்கவாட்டில் நகர்ந்து மாற முடியும். பிரேக் இரண்டும் இறுகப் பிடிக்கிறதா என்று வீட்டுச் சரிவிலேயே சோதியுங்கள். கப்பல் ஆடும்போது பிரேக் போடாத நாற்காலி தானாக ஓடும். கமோடு வீல்சேர் வேண்டவே வேண்டாம். அந்த இருக்கையில் நாள் முழுக்க உட்கார்ந்தால் புண்தான் மிஞ்சும். உப்புக்காற்றுக்கு இரும்பு துருப்பிடிக்கும். அலுமினியமே ஆனாலும் இரவில் ஈரத்துணியால் துடைத்து உலர விடுங்கள்.

பேட்டரி வீல்சேர்தான் கௌரவம் என்று ஒரு நினைப்பு பரவிவருகிறது. கையால் உருட்டவே முடியாதவர்களுக்கு அது வரம், மறுக்கவில்லை. ஆனால் வழியில் விமானம் உண்டென்றால் பேட்டரிக் கணக்கு பார்த்தே ஆக வேண்டும். கழற்றக்கூடிய லித்தியம் பேட்டரி ஒன்று 300 வாட்-மணி வரைதான் அனுமதி. அதைக் கழற்றிக் கையோடு உள்ளே கொண்டுபோக வேண்டும். வோல்ட்டை ஆம்பியர்-மணியால் பெருக்கினால் வாட்-மணி. 24 வோல்ட், 12 ஆம்பியர்-மணி என்றால் 288, தப்பியது. 20 என்றால் 480, நிறுத்திவிடுவார்கள். மோட்டார் செய்யும் ஊருக்கு இந்தக் கணக்கு கஷ்டமில்லை. விமான நிறுவனத்துக்கு 48 மணி நேரத்துக்கு முன்பே தகவல் சொல்லிவிடுங்கள்.

எடை இன்னொரு சிக்கல். எல்லா ஊரிலும் கப்பல் கரையை ஒட்டி நிற்காது. லட்சத்தீவில் கப்பல் தள்ளி நங்கூரமிடும். சின்னப் படகில் இறங்கித்தான் தீவுக்குப் போக வேண்டும். 15 கிலோ நாற்காலியை ஊழியர் ஒருவர் தூக்கிவிடுவார். கனமான பேட்டரி நாற்காலியோடு அந்தப் படகில் இறங்குவது பெரும்பாலும் நடக்காது. கரையோரம் நிற்கும் துறைமுகங்கள் உள்ள வழித்தடத்தைத் தேர்ந்தெடுப்பது நல்லது.

தானே உருட்டிப் பழகிய இளையவர்களுக்கு இன்று நம்மூர்த் தயாரிப்பே இருக்கிறது. சென்னை ஐ.ஐ.டி.யில் பேராசிரியர் சுஜாதா சீனிவாசன் வழிநடத்தும் ஆய்வு மையத்திலிருந்து கிளைத்த நியோமோஷன், உட்காருபவரின் அளவெடுத்து 'நியோஃப்ளை' நாற்காலியைச் செய்து தருகிறது. 2025-ல் ஐ.ஐ.டி. அறிமுகப்படுத்திய 'ஒய்.டி. ஒன்' 9 கிலோதான். 120 கிலோ வரை தாங்கும். தோளில் வலு உள்ளவருக்கு இவை அருமை. தள்ளிக்கொண்டு போக வேண்டிய பாட்டிக்கு இவ்வளவு செலவு தேவையில்லை.

அளவெடுத்த அந்த வீட்டில் 16 அங்குல இருக்கை கொண்ட அலுமினிய நாற்காலி வாங்கினார்கள். கால்தாங்கி அம்மாவுக்குச் சற்று நீளமாக இருந்தது. பக்கத்து லேத் பட்டறையில் குழாயை வெட்டி, புதுத்துளை போட்டு, அரை மணி நேரத்தில் கொடுத்துவிட்டார்கள். கோவைக்கு வாய்த்த வசதி இது, பயன்படுத்திக்கொள்ளுங்கள்.

கப்பலிலேயே வீல்சேர் தருவார்களே என்று நம்பிப் போகாதீர்கள். ஏறவும் இறங்கவும், அவசரத்துக்கும்தான் அங்கே பொதுவாக நாற்காலி வைத்திருப்பார்கள். பயணம் முழுக்கத் தர மாட்டார்கள். முன்பணம் கட்டுவதற்கு முன் கப்பல் நிறுவனத்திடம் அறைக்கதவு, குளியலறைக்கதவு இரண்டின் அகலத்தையும், நிலைப்படியின் உயரத்தையும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். "எல்லாம் வசதியா இருக்குங்க" என்ற வாய்ப்பேச்சு போதாது. அங்குலக் கணக்கு கையில் வந்த பிறகு பணம் கட்டுங்கள்.