திலகவதியார் காட்டிய வழி

பண்ருட்டிக்கு அருகே, கெடில நதிக்கரையில் அமைந்த திருத்தலம் திருவதிகை வீரட்டானம். ஏழாம் நூற்றாண்டில் ஒருநாள், அத்தலத்து நந்தவனத்தின் புறத்தே நின்றிருந்த திலகவதியாரிடம் ஓர் ஏவலாள் வந்தான். பாடலிபுத்திரத்தில் தருமசேனர் என்னும் பெயரோடு சமண சமயத் தலைவராய் வாழ்ந்த தம்பி மருணீக்கியாருக்குக் கொடிய சூலைநோய். எம்மருந்துக்கும் எம்மந்திரத்துக்கும் அது அடங்கவில்லை என்றான்.

அம்மையார் துடித்தார். ஆயினும் உடன் புறப்படவில்லை. தாம் அங்கு வருவதற்கில்லை என்று கூறி அனுப்பினார். கொண்ட நெறியில் அவருக்கிருந்த உறுதியையே சேக்கிழார் பெருமான் இங்குக் காட்டுகிறார். அந்த மறுமொழியே தம்பியை எழச் செய்தது. தலைமையையும் பழைய கோலத்தையும் துறந்து, வெண்ணிற ஆடை உடுத்து, இரவோடிரவாகத் தமக்கையின் திருமடத்தை வந்தடைந்தார்.

வாழ்வின் திருப்பங்களில் தடுமாறுவோருக்குத் துணைநிற்பதை இக்காலத்தில் 'லைஃப் கோச்சிங்' என்று அழைக்கின்றனர். வேலை இழந்தோர், பணி ஓய்வு பெற்றோர், துணையை இழந்தோர் முதலியோர் இத்தகைய வழிகாட்டியை நாடுகின்றனர். இதற்கென 1995ஆம் ஆண்டிலேயே சர்வதேச அளவில் ஒரு கூட்டமைப்பு தோன்றிவிட்டது. நல்ல வழிகாட்டி அறிவுரைகளை அடுக்குவதில்லை. பொறுமையாகக் கேட்கிறார், கேள்விகளால் சிந்திக்க வைக்கிறார், பெரிய மாற்றத்தைச் சிறு சிறு படிகளாக்கி, அடுத்த சந்திப்பில் எத்தனை படி ஏறினார் என்று விசாரிக்கிறார். படி ஏறுவதோ வந்தவரின் பொறுப்பு.

திலகவதியார் செய்ததும் இதற்கு அணுக்கமானதே. காலில் விழுந்த தம்பியை, "அன்றே சொன்னேனே" என்று அவர் இடித்துரைக்கவில்லை. எழச் செய்து, இறைவன் திருவருளை நினைவூட்டி, ஐந்தெழுத்து ஓதித் திருநீறு அளித்தார். புலரும் முன், திருவலகும் சாணமும் தோண்டியும் எடுத்துக்கொண்டு நாள்தோறும் தாம் செய்யும் திருப்பணிக்குப் புறப்பட்டபோது, தம்பியையும் உடன் அழைத்துச் சென்றார். சந்நிதி வரை தமக்கையின் துணை. அதற்கு அப்பால் பாடியவர் தம்பியே. முதற் பதிகம் பிறந்தது, சூலை நீங்கியது, மருணீக்கியார் நாவுக்கரசர் ஆனார். பின்னர் அவர் கையில் ஏந்திய உழவாரமே புதிய வாழ்வின் அன்றாடப் பணியாயிற்று.

இத்தகைய வழிகாட்டும் தகுதி அம்மையாருக்கு எங்கிருந்து வந்தது? இளம் பருவத்திலேயே பெற்றோரை இழந்தவர் அவர். மணம் பேசப்பட்டிருந்த கலிப்பகையார் போர்க்களத்தில் மாண்டார். உயிர்விடத் துணிந்தவர், தம்பியின் கண்ணீருக்காக வாழ ஒருப்பட்டார். தம் துயரத்தைத் தொண்டால் கடந்தவர் என்பதால், பிறர் துயரத்தின் அருகில் பதறாமல் நிற்க அவரால் இயன்றது.

இந்தத் தகுதி பல இல்லங்களில் முதியோரிடம் இருக்கிறது. வேலையிழந்து திரும்பிய மகன், மணவாழ்வு முறிந்த பேத்தி ஆகியோரிடம் முதலில் வேண்டுவது தீர்ப்பன்று, செவி. "இப்போது என்ன செய்யலாம் என்று நினைக்கிறாய்?" என்ற ஒரு கேள்வி, நூறு அறிவுரைகளைவிட ஆழமாகச் செல்லும். விடியற்காலைக் கோயிலுக்கோ, பூத்தொடுப்பதற்கோ உடன் அழைப்பது அடுத்த படி. அவர்கள் செய்ய வேண்டியதைத் தாமே செய்து முடிக்காதிருப்பதுதான் அன்புக்குக் கடினமான சோதனை.

ஓர் எச்சரிக்கையும் தேவை. பல நாள் உறக்கமின்மை, உணவை வெறுத்தல், சாவைப் பற்றிய பேச்சு ஆகியவை தென்பட்டால் வழிகாட்டியோ வீட்டுப் பெரியவரோ போதாது. காலம் தாழ்த்தாமல் மனநல மருத்துவரிடம் அழைத்துச் செல்ல வேண்டும்.

திருவதிகைத் திருக்கோயிலில் நாவுக்கரசரோடு திலகவதியாருக்கும் சந்நிதி உண்டு. உலகம் போற்றும் தேவாரத்தைப் பாடியவர் தம்பி. பாடும் இடம் வரை அவரை அழைத்து வந்து, பின் மௌனமாக நின்றவர் தமக்கை. அங்கு வழிபடச் செல்வோர் அம்மையாரின் முன் சற்றே கூடுதலாக நின்று வணங்குவது பொருத்தமாகும்.